கோடு எங்கே போடப்படுகிறது?

கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊரிலிருந்து), கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். அவர் சிறுவயது முதல் விரும்பிப் பார்த்துவரும் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கிளப், தன் கார்பன் உமிழ்வை 2030க்குள் பாதியாகக் குறைத்து, 2040க்குள் நெட் ஜீரோ என்னும் நிகர சுழிய நிலையை (வெளியிடும் கார்பனும் காற்றிலிருந்து திரும்ப எடுப்பதும் சமமாகும் நிலையை) அடைவதாக உறுதியளித்திருக்கிறது. இதை நம்பலாமா என்பது முதல் கேள்வி. ஒரு கால்பந்துக் கிளப் வெளியிடும் கார்பனை எப்படி எண்ணுகிறார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வி அவருடைய ஊரைப் பற்றியது. மே மாதம் ஊர் மைதானத்தில் நடக்கும் போட்டித்தொடரைக் 'கார்பன் நடுநிலைப் போட்டி' என்று அறிவிக்க இளைஞர் சங்கம் விரும்புகிறதாம். அதற்காக மைதானத்துக்கு மேலே உள்ள புல் சரிவில் ஐந்நூறு மரக்கன்றுகளை நட்டால் போதுமா என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எண்ணும் முறை தெரியாமல் உறுதிமொழியை எடைபோட முடியாது. நான் இந்த மலையில் இருபது ஆண்டுகளாகத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ஆற்றல் தணிக்கை செய்துவருகிறேன். கால்பந்தை அதற்கும் முன்பிருந்தே ஆடியும் பார்த்தும் வருகிறேன். ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் நான் முதலில் கேட்பது, எவ்வளவு எரித்தீர்கள் என்பதை அல்ல, உங்கள் கணக்கு எதுவரை போகிறது என்பதைத்தான். உலர்த்தும் இயந்திரத்தின் அடுப்பில் எரியும் விறகையும், இலை வாட்டும் தொட்டிகளின் மின்விசிறிகள் இழுக்கும் மின்சாரத்தையும் எல்லாரும் எழுதிவைத்திருப்பார்கள். பச்சைத்தேயிலையைத் தோட்டம் தோட்டமாகச் சேர்த்து ஏற்றிவரும் லாரியின் டீசலைக் கேட்டால், அது லாரிக்காரர் கணக்கு என்பார்கள். டீசல் எரிவது என்னவோ அந்தத் தேயிலைக்காகத்தான்.

ஜனவரியில் உறைபனி விழுந்த விடியற்காலையில் நம் மைதானங்களில் ஆடியவர்களுக்கு ஒன்று தெரியும். முந்தின நாள் மாலையில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட கோடு காலையில் கண்ணுக்குத் தெரியாது. புல் முழுவதும் ஒரே வெள்ளையாகக் கிடக்கும். பந்து வெளியே போனதா இல்லையா என்று இரண்டு அணியும் சத்தம் போடும்போது, நடுவர் குனிந்து பூட்ஸ் முனையால் பனியைச் சுரண்டிக் கோட்டைத் தேடுவார். ஒரு கிளப்பின் கார்பன் அறிக்கையைப் படிப்பதும் அதே வேலைதான். அறிக்கையில் உள்ள எண் பெரியதா சிறியதா என்று பார்ப்பதற்கு முன்னால், எதுவரை எண்ணியிருக்கிறார்கள் என்னும் கோட்டைச் சுரண்டிக் கண்டுபிடிக்க வேண்டும்.

உலகெங்கும் நிறுவனங்கள் பின்பற்றும் பசுமைக்குடில் வாயுக் கணக்கு நெறி 2001இல் வெளிவந்தது. அது உமிழ்வை மூன்று 'ஸ்கோப்'களாகப் பிரிக்கிறது. கிளப் தன் கையால் எரிப்பது முதலாவது: கொதிகலனில் எரியும் எரிவாயு, கிளப்புக்குச் சொந்தமான வண்டிகளின் எரிபொருள், புல் வெட்டும் இயந்திரத்தின் டீசல். நமக்குப் பழக்கமில்லாத ஒன்றும் இதில் சேரும். இங்கிலாந்தின் பெரிய மைதானங்களில் புல்லுக்கு அடியில் குழாய்களைப் பதித்து, குளிர்காலத்தில் சூடான நீரை ஓடவிடுகிறார்கள். நம் ஊரில் வெயில் ஏறும்வரை காத்திருந்து ஆடுவதை அங்கே எரிவாயுவை எரித்துச் சாதிக்கிறார்கள். விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது: இரவு ஆட்டத்தின் விளக்குகள், சமையலறை, அலுவலகம், உயர்ந்த பார்வையாளர் கூடங்களின் நிழல் விழுந்து வெயில் படாத புல்லுக்காக இரவும் பகலும் எரியவிடும் வளர்ப்பு விளக்குகள் எல்லாம் இதில் அடங்கும். மற்ற எல்லாமே மூன்றாவது ஸ்கோப்: வீரர்களின் விமானப் பயணம், கடையில் விற்கும் சட்டை, ரசிகர்கள் தின்னும் இறைச்சி, மைதானம் கட்டிய சிமென்டும் எஃகும், எல்லாவற்றுக்கும் மேலாக ரசிகர்கள் வீட்டிலிருந்து மைதானத்துக்கு வந்து திரும்பும் பயணம்.

இந்த மூன்றாவது ஸ்கோப்பில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டாட்டன்ஹாம் மைதானத்தில் 62,850 பேர் உட்காரலாம். ஒரு ரசிகர் வந்துபோக வெறும் 5 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொண்டாலும், ஒரே ஆட்டத்துக்கு 314 டன் ஆகிறது. லீக்கில் சொந்த மைதானத்தில் ஆடும் 19 ஆட்டங்களுக்கு ஏறக்குறைய 6,000 டன். 5 கிலோ என்பது நான் எடுத்துக்கொண்ட எண்தான். ஆனால் அது எவ்வளவு சின்ன எண் என்பதை நம் ஊர்ப் பாதையிலேயே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். ஊட்டியிலிருந்து கோவைக்கு ஏறக்குறைய 86 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் காரில் மூன்று பேர் போனால், ஒரு வழிப் பயணத்துக்கே தலைக்கு 6 கிலோவுக்கு மேல் வந்துவிடும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் மட்டுமே தரும் பேருந்தில் ஐம்பது பேர் போனால், தலைக்கு 1 கிலோவும் கொஞ்சமும்தான். ஆகவே ஒரு கிளப் தன் மைதானத்து விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றியதைப் பெரிதாக அறிவித்துவிட்டு, ரசிகர் பயணத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தால், அந்த அறிக்கை நான் சொன்ன தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கைப் போன்றதுதான்.

மின்சாரத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நீலகிரிக்காரர்களுக்கு அது எளிதில் விளங்கும். பைக்காரா மின் நிலையம் 1932இலேயே ஓடத் தொடங்கியது. குந்தா நிலையங்கள் 1960களில் வந்தன. நம் வீட்டு விளக்கு எரிவது இங்கே விழும் தண்ணீரால்தான் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த மின்சாரம் பொதுக் கம்பியில் கலந்துவிடுகிறது. நாம் எடுப்பது அனல், காற்று, சூரியன், அணு, நீர் எல்லாம் கலந்த மின்சாரம். இந்தியாவின் பொதுக் கம்பியில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. பிரிட்டனில் அது சுமார் 0.2 கிலோதான். இப்போது ஒரு கிளப், பைக்காரா போன்ற ஒரு நிலையத்தின் சான்றிதழை விலைக்கு வாங்கி, நாங்கள் பயன்படுத்துவது முழுக்கப் பசுமை மின்சாரம், ஆகவே எங்கள் இரண்டாவது ஸ்கோப் சுழியம் என்று எழுதலாம். விதிமுறை இதை அனுமதிக்கிறது. ஆனால் கம்பியில் உண்மையில் ஓடுவதை வைத்துக் கணக்கிட்ட எண்ணையும் பக்கத்திலேயே தர வேண்டும் என்றும் சொல்கிறது. சான்றிதழ் எண் குறைந்து, கம்பி எண் அப்படியே இருந்தால், அந்தக் கிளப் மின்சாரத்தைச் சேமிக்கவில்லை, சான்றிதழைத்தான் வாங்கியிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். இதற்கு மாறாக, ஆம்ஸ்டர்டாமின் யோஹான் க்ரைஃப் அரங்கம் கூரையில் 4,200 சூரியத் தகடுகளை அமைத்து, 148 மின்சாரக் கார்களுக்கு ஈடான மின்கலங்களை வைத்து 2018இல் ஒரு பெரிய சேமிப்பு அமைப்பை உருவாக்கியது. அது கண்ணால் பார்க்கக்கூடிய மாற்றம்.

கோட்டை இடத்தில் மட்டுமல்ல, காலத்திலும் இழுக்கலாம். 2022இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பையின் உமிழ்வு சுமார் 36 லட்சம் டன் என்று ஃபிஃபாவே மதிப்பிட்டது. அதையெல்லாம் ஈடுசெய்து (அதாவது வேறிடத்தில் கார்பனைக் குறைக்கும் திட்டங்களுக்குப் பணம் கொடுத்து, அந்தக் குறைப்பைத் தன் வரவாக எழுதிக்கொண்டு) போட்டியைக் கார்பன் நடுநிலையாக நடத்தப்போவதாகவும் அறிவித்தது. எட்டு அரங்குகளில் ஏழு அந்தப் போட்டிக்காகவே எழுந்தவை. நிரந்தர அரங்குகளைக் கட்டியதால் வந்த கார்பனை, அவை இன்னும் பல பத்தாண்டுகள் பயன்படும் என்று சொல்லி அந்த ஆண்டுகளுக்கெல்லாம் பங்கிட்டு, போட்டி நடந்த சில வாரங்களுக்கு உரிய சிறு துண்டை மட்டும் கணக்கில் சேர்த்தார்கள். ஐரோப்பியக் கண்காணிப்பு அமைப்பான கார்பன் மார்க்கெட் வாட்ச், அரங்குகளின் உண்மையான பங்கு அறிவித்ததைவிட எட்டு மடங்கு வரை இருக்கலாம் என்று 2022 மே மாதத்திலேயே எழுதியது. கார்பன் நடுநிலை என்ற அந்த விளம்பரம் நிரூபிக்கப்படாத, தவறாக வழிநடத்தும் கூற்று என்று சுவிட்சர்லாந்தின் விளம்பர நேர்மை ஆணையம் 2023 ஜூனில் முடிவு சொன்னது. எண் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எதை எந்த ஆண்டில் எழுதுவது என்ற முடிவே போதும்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். டாட்டன்ஹாம் கொடுத்திருக்கும் உறுதிமொழி அந்தக் கிளப் தானாக எழுதியது அல்ல. 2018 டிசம்பரில் போலந்தின் கட்டோவிட்சே நகரில் நடந்த காலநிலை மாநாட்டில், ஐ.நா.வின் காலநிலை அமைப்பு விளையாட்டுத் துறைக்கென ஒரு செயல்திட்டத்தை முன்வைத்தது. பின்னர் அதில் 2030க்குள் பாதி, 2040க்குள் நெட் ஜீரோ என்ற இலக்குகள் சேர்ந்தன. கையெழுத்திட்ட பல கிளப்புகளின் வாக்குறுதிகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பதற்கு அதுதான் காரணம். நிறைவேற்றாவிட்டால் புள்ளிகளைக் குறைப்பதோ அபராதம் விதிப்பதோ இல்லை. கையெழுத்திட்டதை மட்டும் வைத்து ஒரு கிளப்பைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

டாட்டன்ஹாம் செய்த நல்ல வேலைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2021 செப்டம்பர் 19 அன்று செல்சிக்கு எதிரான ஆட்டத்தை, உயர்மட்டக் கால்பந்தின் முதல் நெட் ஜீரோ ஆட்டமாக ஸ்கை தொலைக்காட்சியோடு சேர்ந்து நடத்தினார்கள். இரண்டு அணிகளும் உயிரி எரிபொருள் பேருந்துகளில் வந்தன. சாப்பாட்டில் இறைச்சியைக் குறைத்து, ரயிலிலும் சைக்கிளிலும் வரும்படி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள். எஞ்சிய உமிழ்வை ஈடுசெய்தார்கள். ஓர் ஆட்டத்தைக் கவனமாக நடத்தினால் எதையெல்லாம் மாற்ற முடியும் என்று அது காட்டியது. ஆனால் 2024இல் லீக் பருவம் மே 19 அன்று முடிந்ததும், அதே கிளப் மூன்றே நாளில், மே 22 அன்று, மெல்போர்னில் நியூகாசிலுடன் ஒரு காட்சி ஆட்டம் ஆடியது. லண்டனிலிருந்து மெல்போர்ன் ஏறக்குறைய 17,000 கிலோமீட்டர். போய்வரச் சாதாரண இருக்கையிலேயே ஒருவருக்கு 4 முதல் 5 டன் கார்பன் டை ஆக்சைடு ஆகும். இந்தியர் ஒருவருக்குச் சராசரியாக ஓர் ஆண்டுக்கு வருவதே சுமார் 2 டன்தான். அது புள்ளிக்காகவோ கோப்பைக்காகவோ ஆடிய ஆட்டம் அல்ல. ஒரு நாளின் நெட் ஜீரோவைவிட ஆண்டு முழுவதுக்குமான ஆட்ட அட்டவணைதான் ஒரு கிளப்பின் மனதைக் காட்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

அந்த அட்டவணையோ வருடா வருடம் நீண்டுகொண்டே போகிறது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் 125 ஆக இருந்த ஆட்டங்கள் 2024–25 பருவத்தில் 189 ஆயின. 2026 உலகக் கோப்பை மூன்று நாடுகளில், 48 அணிகளுடன், 104 ஆட்டங்களாக விரிந்தது. உள்நாட்டுப் பயணத்திலும் இதே போக்குதான்: 2023 ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே பிரீமியர் லீக்கின் 100 ஆட்டங்களை ஆராய்ந்த பி.பி.சி., அவற்றுக்காகக் கிளப்புகள் எடுத்த 81 உள்நாட்டு விமானப் பயணங்களைக் கண்டறிந்தது. அவற்றில் ஒன்று 27 நிமிடமே பறந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் ஏறுவதற்குள் முடிந்துவிடும் நேரம் அது. ஆட்டங்களைக் கூட்டிக்கொண்டே உமிழ்வைப் பாதியாக்குவது, வாளியில் ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் நிரப்புவதுபோல.

நம்பிக்கை தரும் மாற்றங்களும் உண்டு. அவை பெரும்பாலும் கட்டாயத்தால் வந்தவை. பிரீமியர் லீக் 2024 பிப்ரவரியில் எல்லாக் கிளப்புகளுக்கும் ஒரு பொது ஒப்பந்தத்தை வைத்தது: ஒவ்வொரு கிளப்பும் சுற்றுச்சூழல் கொள்கை ஒன்றை எழுத வேண்டும், அதற்குப் பொறுப்பான மூத்த அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும், 2025–26 பருவத்தின் முடிவுக்குள் மூன்று ஸ்கோப்புகளுக்குமான தரவைத் திரட்ட வேண்டும். மூன்றும் என்பதுதான் இதில் முக்கியம். ஜெர்மனியின் பன்டஸ்லிகா, நீடித்ததன்மைக்கான நிபந்தனைகளைக் கிளப்புகளின் உரிமத்தோடே சேர்த்துவிட்டது. உரிமம் இல்லாமல் ஆட முடியாது என்பதால், அங்கே இது விளம்பரத் துறையின் பொறுப்பாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அந்நாட்டுக் கிளப்புகள் பலவற்றில் ஆட்டத்தின் நுழைவுச்சீட்டே அன்றைக்கு உள்ளூர் ரயிலுக்கும் பேருந்துக்கும் சீட்டாகிவிடுகிறது. ரசிகர் பயணம் எங்கள் கணக்கு அல்ல என்று சொல்லாமல், அதைத் தன் சீட்டுக்குள்ளேயே கொண்டுவந்த ஏற்பாடு இது. கொச்சி கலூரின் நேரு அரங்குக்கு அருகிலேயே மெட்ரோ நிலையம் இருப்பதும், ஆட்ட நாட்களில் ரயில்கள் கூடுதல் நேரம் ஓடுவதும் நம் பக்கத்து உதாரணங்கள். கூடலூர், பந்தலூரிலிருந்து கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டம் பார்க்கப் போகும் பிள்ளைகள் அதை அனுபவித்திருப்பார்கள்.

ஆகவே தம்பி, உங்கள் கிளப்பின் உறுதிமொழியைப் பாதி நம்பலாம் என்பதே என் பதில். விளக்கு, கொதிகலன், சாப்பாடு, சட்டை ஆகியவற்றில் குறைப்பார்கள். அது பணத்தையும் மிச்சப்படுத்தும். பயணத்தில் குறைப்பார்களா என்பதை, ஆண்டு அறிக்கையில் மூன்றாவது ஸ்கோப்பின் பக்கத்தைத் திறந்து, ரசிகர் பயணத்துக்கும் விமானப் பயணத்துக்கும் தனித்தனி எண் இருக்கிறதா, சென்ற ஆண்டின் எண் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். நெட் ஜீரோ என்றால் முதலில் பெரும்பகுதியை உண்மையாகக் குறைத்து, குறைக்கவே முடியாத மிச்சத்தை மட்டும் காற்றிலிருந்து உறிஞ்சி எடுப்பது. கார்பன் நடுநிலை என்ற சொல்லோ, எதையும் குறைக்காமலேயே எல்லாவற்றுக்கும் கார்பன் வரவுகளை விலைக்கு வாங்கி ஈடுகட்டியவர்களுக்கும் பொருந்திவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய நெறிமுறையின்படி, வெறும் ஈடுசெய்தலை மட்டும் வைத்து ஒரு பொருளைக் கார்பன் நடுநிலை என்று விளம்பரப்படுத்துவது 2026 செப்டம்பர் முதல் அங்கே தடைசெய்யப்படுகிறது. உங்கள் சங்கம் அதே சொல்லைத் தேர்ந்தெடுத்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

அந்தச் சொல்லை நேர்மையாகப் பயன்படுத்த முயன்ற ஒரு சிறிய கிளப்பையும் சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தின் நெயில்ஸ்வொர்த், கோத்தகிரியைவிடச் சிறிய ஊர். அங்குள்ள ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் கிளப்பை, பசுமை மின்சார நிறுவனம் நடத்தும் டேல் வின்ஸ் 2010இல் பொறுப்பேற்றார். கூரையில் சூரியத் தகடுகளை வைத்தார்கள். ரசாயன உரமில்லாமல் புல்லை வளர்த்தார்கள். அந்தப் புல்லைச் சூரிய மின்சாரத்தில் ஓடும் தானியங்கி இயந்திரம் வெட்டியது. 2015 முதல் மைதானத்தில் இறைச்சி, பால் இரண்டுமே கிடையாது. 2018இல் உலகின் முதல் கார்பன் நடுநிலைக் கால்பந்துக் கிளப் என்று ஐ.நா. அங்கீகரித்தது. பின்னாளில் 2023, 2024 என்று அடுத்தடுத்து இரண்டு முறை கீழ்நிலை லீக்குக்கு இறங்கியது. தோற்றாலும் அந்தச் சமையலறை மாறவில்லை. மூன்றாயிரம், நாலாயிரம் பேர் வரும் மைதானத்தில் இதைச் செய்ய முடிந்தது. அறுபதாயிரம் பேருக்கு அதே பாதை போதாது. ஆனால் ஒரு ஹட்டி மைதானத்துக்கு, டாட்டன்ஹாமைவிட இதுவே நெருக்கமான முன்மாதிரி.

இப்போது உங்கள் ஐந்நூறு கன்றுகள். தயவுசெய்து அந்தப் புல் சரிவில் நடாதீர்கள். இதை நான் மிகவும் அழுத்தியே சொல்கிறேன்.

நம் மேல்மலையில் சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் காடு. மடிப்புகளில் சோலை, சரிவுகளில் புல், அடியில் சதுப்பு என்ற அமைப்பு மனிதர் மரம் வெட்டியதால் வந்தது அல்ல. நீலகிரிச் சதுப்புகளின் கரிமண் படிவங்களை ஆராய்ந்தவர்கள், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இங்கே புல் இருந்ததையும் மழைக்கும் குளிருக்கும் ஏற்ப அது விரிந்து சுருங்கியதையும் படித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் கண்ணுக்கு இது வெறும் தரிசாகத் தெரிந்தது. விறகுக்காகக் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸையும் சீகை எனப்படும் வாட்டிலையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, தோல் பதனிடும் பட்டைக்காகவும் சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கூழுக்காகவும் இன்னும் பரப்பினார்கள். பழனி மலையில் கொடைக்கானலைச் சுற்றியிருந்த புல்வெளியின் பெரும்பகுதி இப்படித்தான் சீகைக்கும் பைனுக்கும் அடியில் போனது. நடுவது பசுமை, மரம் என்றால் நல்லது என்ற நம்பிக்கையில் செய்த வேலைதான் அதுவும். இன்று அதே சீகையைப் பிடுங்கி எறிய நீதிமன்றமும் வனத்துறையும் போராடுகின்றன.

புல்லுக்குக் கீழே மண்ணில் கார்பன் இல்லையா? மரத்தின் கார்பன் தண்டிலும் கிளையிலும் இருக்கிறது. ஒரு தீயில், ஒரு கோடரியில் போய்விடும். புல்வெளியின் கார்பன் பெரும்பாலும் வேரிலும் மண்ணிலும் இருக்கிறது. குழி தோண்டும்போதே அதில் ஒரு பங்கு வெளியேறத் தொடங்கும். தண்ணீர்க் கணக்கு தனி: புல் மூடிய சரிவு மழையைத் தாங்கி, மெல்ல மெல்லக் கீழே ஊற்றுக்கு விடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதைப் பார்த்த மலை இது. இங்கிலாந்தில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் கார்லைல் யுனைடெட்டின் மைதானம் மூழ்கி, அவர்கள் பல வாரங்கள் வேறு ஊர்களின் மைதானங்களில் சொந்த ஆட்டங்களை ஆடினார்கள். நமக்கு மாற்று மைதானமும் கிடையாது. இன்னொன்று: குறிஞ்சி கடைசியாக 2018இல் பூத்தது. கிளப்புகள் உமிழ்வைப் பாதியாக்குவதாகச் சொல்லியிருக்கும் அதே 2030இல்தான் அது மறுபடி பூக்க வேண்டும். கன்று வளர்ந்து நிழல் மூடிய சரிவில் அது பூக்காது.

மரம் நடத்தான் வேண்டுமென்றால், மைதானத்துக்குக் கீழே ஓடை ஓரத்தில் சோலை அழிந்துபோன துண்டில், நாவல் போன்ற நம் சோலை மரங்களை வனத்துறையின் ஆலோசனையோடு ஐம்பது நட்டு, ஐந்து ஆண்டு காப்பாற்றுங்கள். ஆனால் அதைப் போட்டியின் கார்பன் கணக்கில் ஒரு கிலோகூட வரவு வைக்காதீர்கள். உலகின் பெரிய சான்றளிப்பு அமைப்பு ஒன்று அங்கீகரித்த மழைக்காட்டு வரவுகளிலேயே பெரும்பகுதி உண்மையான குறைப்பைக் காட்டவில்லை என்று 2023இல் ஐரோப்பியப் பத்திரிகைகளின் கூட்டுப் புலனாய்வு எழுதியது. சான்றளித்தவர்கள் அதை மறுத்தார்கள். சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அவர்களாலேயே அளந்து நிலைநாட்ட முடியாததை நாம் ஒரு பதாகையில் எழுதக் கூடாது.

பிறகு என்னதான் செய்வது? எண்ணுங்கள். மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. எத்தனை வண்டி வருகிறது என்று எண்ணத் தொடங்கிய பிறகுதான், 2025இல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைக்க நீதிமன்றத்தால் முடிந்தது. நானும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர்ப் போட்டியின் இறுதி நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மைதானத்தின் வாயிலில் உட்கார்ந்தேன். ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் 22 லிட்டர். அது 59 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சமையலுக்கு 19 கிலோ சிலிண்டர் இரண்டு தீர்ந்தது. ஒரு கிலோ எரிவாயுவுக்குச் சுமார் 3 கிலோ என்று 114 கிலோ. வந்தவை 11 ஜீப், 5 மேக்ஸி கேப், ஏறக்குறைய 60 இருசக்கர வண்டிகள். ஓட்டுநர்களிடம் தூரத்தைக் கேட்டு எழுதிக் கூட்டியபோது 260 கிலோவைத் தாண்டியது. மொத்தத்தில் ஐந்தில் மூன்று பங்கு வண்டிகள்தான். விழாக்குழுவினர் கவலைப்பட்டதெல்லாம் பிளாஸ்டிக் தம்ளரைப் பற்றி. தம்ளரும் முக்கியம்தான், ஆனால் கணக்கு வாயிலில் நின்றுகொண்டிருந்தது.

ஜீப்பில் வந்த பெரியவர் ஒருவரிடம், உங்கள் ஊருக்குத்தான் பேருந்து இருக்கிறதே என்று கேட்டேன். "ஆட்டம் முடிய ஆறரை ஆகும் தம்பி, கடைசி பஸ் ஐந்தே முக்காலுக்குப் போய்விடும்" என்றார். இங்கிலாந்தின் ரசிகர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறையும் இதேதான்: தொலைக்காட்சிக்காக ஆட்டத்தை இரவு எட்டு மணிக்குத் தள்ளிவிட்டால், முடியும்போது ஊருக்குத் திரும்ப ரயில் இருப்பதில்லை, காரை எடுத்துக்கொண்டு வரத்தான் வேண்டியிருக்கிறது. அந்தக் கார்பனை எந்தக் கிளப்பும் தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் பக்கத்தில் எழுதுவதில்லை.

உங்கள் போட்டிக்கு 'கார்பன் நடுநிலை' என்ற பெயர் வேண்டாம். டீசல், சிலிண்டர், வண்டி என்று மூன்று பத்தி போட்டு ஒரு தாளில் எண்களை எழுதி, பரிசளிப்பு மேடைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அடுத்த ஆண்டுத் தாளை அதன் அருகிலேயே ஒட்டுங்கள். மேடை விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் ஜெனரேட்டருக்குப் பதில் பக்கத்துச் சமுதாயக் கூடத்திலிருந்து முறையாகத் தற்காலிக மின் இணைப்பு கேட்டுப் பாருங்கள். ஒரே சாலையில் வரும் அணிகளுக்கு ஒரு மேக்ஸி கேப்பைச் சங்கமே பேசிவிடுங்கள். மே மாதத்தில் நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கி, எதிர்க் கோல் கம்பமே தெரியாமல் போவது உங்களுக்கும் தெரியும். இறுதி ஆட்டத்தை இரண்டு மணிக்கே தொடங்கினால், பரிசளிப்பு முடிந்து எல்லாரும் ஐந்தே முக்கால் பேருந்தைப் பிடித்துவிடலாம்.